மதிலும் பெயரும்: இணையத்தில் நிறுவனங்களின் பெயரைக் காத்த இந்திய வழக்குகள்

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அடுத்த மாதமே, மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் மில்வார்ம் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழு நுழைந்தது. அதன் உறுப்பினர்களுள் பதின்வயதினரும் இருந்தனர். மின்னஞ்சல்களை எடுத்துச் சென்றதோடு, மையத்தின் இணையப் பக்கத்தில் அணுகுண்டின் புகைக்காளான் படத்தையும் ஏற்றிவைத்தனர். இந்தியாவில் ஒரு நிறுவனத்தின் இணைய மதில் பகிரங்கமாக உடைக்கப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2004இல் செயற்படத் தொடங்கியது. மதிலைக் காக்க, தாமதமாகவேனும், சட்டமும் காவலும் அமைந்தன.

ஆனால் மதிலைத் தொடாமலேயே ஒரு நிறுவனத்தைக் கொள்ளையிடும் வழி வேறொன்று உண்டு. அதன் பெயரைப் போன்ற பெயரில் பக்கத்திலேயே இன்னொரு வாசலைத் திறந்துவைப்பதே அந்த வழி. இதற்கு உள்ளே நுழைய வேண்டியதில்லை, பூட்டை உடைக்க வேண்டியதில்லை. வருபவரின் காதும் கண்ணும் நினைவும் சற்றே வழுக்கினால் போதும். இந்த இரண்டாம் வகை அச்சுறுத்தலை எதிர்கொள்ள இந்திய நீதிமன்றங்கள் கையில் எடுத்தது, இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே உருவான ஒரு பழைய கோட்பாட்டை. அவற்றின் முன் வந்து நின்ற கேள்வியோ அடிப்படையில் மொழியியல் கேள்வி: இரண்டு பெயர்கள் எப்போது ஒரே பெயராகின்றன?

இக்கேள்வியின் இந்திய வரலாறு மருந்துக் கடையில் தொடங்குகிறது. அம்ருத்தாரா என்ற பெயர்பெற்ற மருந்தின் உரிமையாளர்கள், லட்சுமண்தாரா என்ற பெயரைப் பதிவு செய்யக் கூடாது என எதிர்த்தனர். அலகாபாத் உயர்நீதிமன்றம் சொற்களைப் பிரித்துப் பொருள் பார்த்தது. ஒன்று அமிர்தத்தின் தாரை, மற்றொன்று லட்சுமணனின் தாரை. பொருள் வேறாகையால் குழப்பத்துக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. 1962இல் உச்சநீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மருந்து வாங்க வரும் சாதாரண மனிதர் பெயரைச் சந்தி பிரித்துச் சொற்பிறப்பு ஆராய்வதில்லை. முழுப் பெயரின் ஓசையை, அதுவும் அரைகுறை நினைவிலிருந்து மீட்டுத்தான் கடைக்காரரிடம் கேட்கிறார். ஆகவே ஒப்பிட வேண்டியது பெயரின் மொத்த ஒலியுருவத்தையே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வழக்கின் முடிவு இன்னொரு வகையிலும் கவனத்துக்குரியது. இரண்டாம் மருந்தும் நெடுங்காலம் எதிர்ப்பின்றி விற்பனையில் இருந்ததால், அதன் பெயரை உத்தரப்பிரதேச எல்லைக்குள் மட்டும் பதிவு செய்யலாம் என்ற பதிவாளரின் ஆணையை உச்சநீதிமன்றம் மீட்டு நிறுத்தியது. ஒலியால் நெருங்கிய இரண்டு பெயர்களை நிலத்தைப் பங்கிட்டுப் பிரித்து வைக்க அன்று முடிந்தது.

இணையத்தில் அந்த வழி அடைபட்டுப்போனது. டொமைன் பெயர் எனப்படும் இணைய முகவரிக்கு மாநில எல்லையோ நாட்டெல்லையோ இல்லை. கணினியைப் பொறுத்தவரை ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது முற்றிலும் வேறு முகவரி. பதிவு செய்பவர் யார், அப்பெயருக்கும் அவருக்கும் என்ன உறவு என்றெல்லாம் பதிவகம் பொதுவாகக் கேட்பதில்லை. முதலில் வந்தவருக்கே பெயர் என்பதுதான் முறை. மனித நினைவிலோ ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் பெயர் அதே பெயராகவே நிற்கிறது. எந்திரத்தின் துல்லியத்துக்கும் மனித நினைவின் தளர்வுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் போலிப்பெயர்கள் குடியேறின.

1999 பிப்ரவரியில் தில்லி உயர்நீதிமன்றத்தின் முன் வந்த யாகூ எதிர் ஆகாஷ் அரோரா வழக்கு இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பிரதிவாதிகள் யாகூ என்பதோடு இந்தியா என்ற சொல்லைச் சேர்த்து ஒரு முகவரியைப் பதிவு செ்து, அதே வகைச் சேவையை வழங்கினர். அவர்களின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவையல்ல. அன்று நடைமுறையிலிருந்த 1958ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் சரக்குகளைப் பற்றியது. சேவைகளை அது தொடவில்லை. யாகூ என்பது அகராதியில் உள்ள சொல். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கல்லிவரின் பயணங்கள் நூலில் வரும் முரட்டு உயிரினங்களின் பெயர். இணையத்தைப் பயன்படுத்துவோர் படித்தவர்கள், அவர்கள் ஏமாறமாட்டார்கள்.

நீதிபதி எம். கே. சர்மா இவற்றை ஏற்கவில்லை. அகராதிச் சொல்லாயினும் நெடும்பயன்பாட்டால் ஒரு நிறுவனத்தையே சுட்டும் தனித்தன்மையை அது பெற்றுவிடலாம் என்றார். கணினியைக் கையாளத் தெரிந்தவர், தகவல் தேடும் நுகர்வோராக இருக்கையில் விவரமற்றவராக இருக்கக்கூடும் என்பதையும் தீர்ப்பு சுட்டியது. எங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை என்று ஓர் அறிவிப்பை ஒட்டிவைப்பது போதுமான பரிகாரம் ஆகாது என்றும் கூறி இடைக்காலத் தடையாணை வழங்கினார். சேவைகளுக்கு எழுத்துச் சட்டம் இல்லாத இடத்தில் கைகொடுத்தது, ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த பாஸிங் ஆஃப் கோட்பாடு. தன் சரக்கைப் பிறர் சரக்காகக் காட்டி விற்கலாகாது என்பதே அதன் உள்ளடக்கம்.

அதே ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ரெடிஃப் வழக்கு வந்தது. போட்டிப் பெயர் ராடிஃப். வேறுபாடு ஓர் உயிரெழுத்தில் மட்டுமே. ராடிகல், இன்ஃபர்மேஷன், ஃப்யூச்சர், ஃப்ரீ ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து இப்பெயரை உருவாக்கியதாகப் பிரதிவாதிகள் விளக்கினர். நீதிமன்றம் அவ்விளக்கத்தை நம்பவில்லை. டொமைன் பெயர் வெறும் முகவரி அன்று, வணிகக் குறிக்கு நிகரான பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று கூறியது.

இந்த இழை உச்சநீதிமன்றத்தை எட்டியபோது வழக்கின் மையத்தில் இருந்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம். சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் எழுத்துகளிலிருந்து சிஃபி என்ற சொல்லை ஆக்கி, 1999இல் அச்சொல்லைக் கொண்ட பல முகவரிகளைப் பதிவு செய்திருந்தது. பிறகு வந்த பெங்களூரு நிறுவனம் ஒன்று, ஆங்கில எழுத்தான எஃப் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துச் சிஃபிநெட் என்ற பெயரிலேயே முகவரிகளைப் பெற்றது. தம் நிறுவனர்கள் ஐவரின் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்ததே அப்பெயர் என்றது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்று கருதிய கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது.

2004 மே 6 அன்று நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு, தடையாணையை மீண்டும் நிலைநிறுத்தியது. கூடுதலான ஓரெழுத்து ஒலியளவில் பொருட்படுத்தத்தக்கதல்ல. முதலெழுத்து விளக்கம் செயலுக்குப் பின்னர் புனையப்பட்ட நியாயம். சிஃபி ஆக்கப்பட்ட சொல்லாகையால் அதன் மீதான உரிமைக்கோரல் வலுவானது. இவை அத்தீர்ப்பின் கணுக்கள். வணிகக் குறிச் சட்டம் நாட்டெல்லைக்குள் அடங்குவது, டொமைன் பெயரோ எல்லையற்ற அணுகலும் உலகளாவிய தனித்தன்மையும் கொண்டது என்ற வேறுபாட்டையும் அது தெளிவாக வரையறுத்தது. தவறான வாசலுக்கு வந்தவர், தேடிய சேவை அங்கில்லாததைக் கண்டு அந்த நிறுவனமே அதை நிறுத்திவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். இழப்பு பணத்தோடு நிற்பதில்லை, நம்பிக்கையையும் தொடுகிறது. 1962இல் நிலத்தைப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்த சிக்கலுக்கு, 2004இல் பிரிக்க நிலமே இல்லை. இருவரில் ஒருவர் விலகித்தான் ஆக வேண்டும்.

இத்தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் முதலெழுத்து விளக்கம் மொழியியல் மாணவர் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று. எந்த ஒலித்தொடருக்கும் பின்னோக்கி ஒரு பிறப்பு வரலாற்றைக் கட்டிவிட முடியும். நாட்டார் சொற்பிறப்பியல் ஊர்ப்பெயர்களுக்குக் கதை சொல்வதுபோல, இங்கே வழக்கறிஞர்கள் நிறுவனப் பெயர்களுக்குக் கதை சொன்னார்கள். நீதிமன்றங்கள் பெயர் எப்படிப் பிறந்தது என்பதைவிட, அது கேட்பவரிடம் என்ன செய்கிறது என்பதையே அளவுகோலாக்கின. 2001இல் கடிலா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் இதையே: ஆங்கிலம் அறியாத வாங்குபவர்களும் பல மொழிகளும் உள்ள இந்நாட்டில், ஒலி ஒப்புமையை இங்கிலாந்தின் அளவுகோலால் அளக்க முடியாது.

2005இல் டாட் இன் முகவரிகளுக்கெனத் தனித் தீர்வுமுறை வந்தது. நிக்ஸியின் கீழுள்ள பதிவகம் நடுவர் ஒருவரை நியமிக்கும். நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிமுறை, பெயரைத் தீய நோக்கத்துடன் பதிவு செய்ததையும் அவ்வாறே பயன்படுத்தியதையும் சேர்த்து மெய்ப்பிக்கச் சொல்கிறது. இந்திய விதியில் இரண்டில் ஒன்று போதும். இதனால், பெயரைப் பிடித்துவைத்து விலைபேசக் காத்திருப்பவரையும் தடுக்க இயல்கிறது.

ஒலியின் சிக்கல் இவ்வாறு ஓரளவு தீர்ந்த வேளையில், வரிவடிவத்தின் சிக்கல் பிறந்தது. டாட் இந்தியா என்னும் முகவரி ஈறு தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளில் வந்தபின், கண் மயங்கும் இடங்கள் பெருகின. தமிழ் எண்ணான ௧ ககரத்தைப் போலவும், ௭ எகரத்தைப் போலவும், ௮ அகரத்தைப் போலவும் தோன்றும். ஔ என்ற ஓரெழுத்தும், ஒகரத்தை அடுத்து ளகரம் இட்ட ஈரெழுத்தும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு. லத்தீன் ஏ எழுத்தும் சிரில்லிக் ஏ எழுத்தும் இவ்வாறே. எழுத்திலக்கணம் கற்றவர்களுக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெயரைக் காக்கும் இக்கருவிக்கு மறுபுறமும் உண்டு. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத் திட்டம் பங்குனி ஆமைகளின் வாழ்விடத்தைப் பாதிக்கும் என்று கூறிய கிரீன்பீஸ் அமைப்பு, டாட்டா நிறுவனத்தின் பெயரையும் குறியையும் பயன்படுத்தி, பாக்மேன் பாணியில் ஆமைக்கும் டாட்டாவுக்குமான ஓர் இணைய விளையாட்டை வெளியிட்டது. டாட்டா சன்ஸ் தடையாணையும் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடும் கோரியது. 2011 ஜனவரி 28 அன்று தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தடையாணை வழங்க மறுத்தார். இணையம் வேகமாகப் பரவும் ஊடகம் என்பதனாலேயே அங்கு பேச்சுக்குக் கடுமையான அளவுகோல் பொருந்தும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. பொதுநலன் சார்ந்த விமர்சனத்துக்காகவும் பகடிக்காகவும் குறியைக் கையாள்வது வணிகத்துக்காகக் கையாள்வதோடு ஒன்றாகாது.

நற்பெயரைக் காத்தல் என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டு வேறு செயல்கள் அடங்கிக் கிடப்பதை இவ்வழக்குகளைச் சேர்த்துப் படிக்கும்போதே காண முடிகிறது. நான்தான் அந்த நிறுவனம் என்று பொய் சொல்பவர் ஒருவர். அந்த நிறுவனம் இப்படிச் செய்தது என்று சொல்பவர் மற்றொருவர். முன்னவர் பெயரைத் திருடுகிறார், பின்னவர் பெயரைச் சுட்டுகிறார். முன்னவரைத் தடுக்காவிட்டால் பொதுமக்கள் ஏமாறுவர். பின்னவரைத் தடுத்தால் பொதுமக்கள் அறியாமையில் விடப்படுவர். இரண்டையும் இணைய அச்சுறுத்தல் என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நிறுவன அறிக்கைகளை ஐயத்துடன் படிக்க வேண்டும்.

இவ்வரலாறு கல்விப்புலத்துக்கு அயலானதன்று. ஆய்விதழ்களின் பெயரையும் பன்னாட்டு வரிசை எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலி இணையதளம் அமைத்து, கட்டுரைக் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் இந்தியாவில் பரவலாக உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியல் நடப்பில் இருந்தபோது, நகலெடுக்கப்பட்ட இதழ்களைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருந்தது. அச்சில் மட்டும் வெளிவரும் சிறிய இதழ்களும், டொமைன் புதுப்பிப்பைத் தவறவிட்ட இதழ்களுமே இதற்கு எளிய இலக்கு. சிஃபிக்கு வாய்த்த வழக்கறிஞர்கள் அவற்றுக்கு வாய்ப்பதில்லை. இழப்பைச் சுமப்பதோ, பட்டம் முடிக்கக் கட்டுரை வெளியிட வேண்டிய கட்டாயத்தில், உதவித்தொகையிலிருந்து பணம் கட்டிய மாணவர். அவர் ஏமாந்தது அறியாமையால் என்று சொல்பவர்கள், யாகூ வழக்கின் பிரதிவாதிகள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

இதழ் நடத்தும் துறைகள் செய்யக்கூடியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல: தம் பெயரின் நெருங்கிய வடிவங்களைத் தாமே பதிவு செய்துவைத்தல், புதுப்பிப்பு நாளைத் தனிநபர் ஒருவரின் மின்னஞ்சலை நம்பி விடாமல் துறைப் பதிவேட்டில் குறித்தல், மெய்யான முகவரியை ஒவ்வோர் இதழின் அட்டையிலும் அச்சிடுதல், போலியைக் கண்டதும் பதிவகத்துக்கும் காவல்துறைக்கும் எழுதி, வாசகர்க்குப் பகிரங்கமாக அறிவித்தல். போலி ஒன்று உலவுகிறது என்று ஒப்புக்கொள்வது இதழின் மதிப்பைக் குறைக்கும் என்று கருதி மௌனம் காப்பதுதான், போலிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு.