கரிசலில் ஒரு காந்தத் துண்டு

கதவில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் துண்டு சுண்டுவிரல் நீளம் இருந்தால் அதிகம். உள்ளே ஒரு காந்தம். எதிரே, நிலையில், அதேபோல் இன்னொரு துண்டு. அதற்குள் ஒரு கண்ணாடிக் குழல். குழலுக்குள் இரும்பும் நிக்கலும் கலந்த இரண்டு மெல்லிய தகடுகள், நுனி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் நிற்கும். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகினால் தகடுகள் பிரியும், சுற்று அறுபடும், சைரன் தெருவை எழுப்பும். வீட்டுக்குத் திருட்டு அலாரம் என்று விற்கிற சாமானில் பாதி வேலை இந்தத் துண்டுகளுக்குத்தான். சைரன் வெறும் வாய்.

திருட்டு அலாரத்தின் பூர்வீகம் அமெரிக்கா. பாஸ்டனை அடுத்த சாமர்வில்லில் இருந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் ஒரு பாதிரியார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்காந்தம் சுத்தியலை இழுத்துப் பித்தளை மணியை அடிக்கவைக்கும் கருவி ஒன்றுக்கு 1853 ஜூனில் அவர் காப்புரிமை பெற்றார். வீடுகளுக்குக் கரண்ட் வராத காலம். பேட்டரியில்தான் மணி அடித்தது. 1857-ல் எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை விலைக்கு வாங்கி, பாஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் வியாபாரமாக்கினார். ஹோம்ஸ் குடும்பம் ஊருக்குள் இழுத்து வைத்திருந்த அலாரக் கம்பிகளில்தான் 1877-ல் பாஸ்டன் வங்கிகளுக்கு முதல் டெலிபோன்கள் பேசின. அந்தக் கடனை டெலிபோன் பிற்பாடு அடைத்தது என்றே சொல்லவேண்டும். கண்ணாடிக் குழலுக்குள் தகடு வைக்கும் யோசனையை 1936-ல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் செய்து காட்டியது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக. அலாரக் கம்பெனிகள் அதை எடுத்துக் கதவில் வைத்தன.

கோவில்பட்டிப் பக்கத்துக்கு அலாரம் வந்தபோது அது காலியான இடத்துக்கு வரவில்லை. பாளையக்காரர் காலத்தில் இந்த வட்டாரத்து ஊர்கள் காவல் கூலி கொடுத்தன. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. காவல் கூலி கப்பமாகத் திரிந்த கதைகளும் ஏராளம். பாளையப் போர்கள் ஓய்ந்து 1801-க்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் காவல் முறையைக் கலைத்தது. இன்றைய அலாரத்துக்கு ஓராண்டு வாரண்டி உண்டு. அதுவும் பெட்டிக்குத்தான், பீரோவுக்கு இல்லை.

நான் சொல்லப்போவது எட்டயபுரம் சாலைப் பக்கம் சித்தப்பா வீட்டுக் கதவில் ஏறிய ஒரு துண்டைப் பற்றி. சென்னை ரிச்சி தெருவிலிருந்து அலாரப் பெட்டியோடு வந்தது. மகள் வெளியூரில், வீடு அடிக்கடி பூட்டிக் கிடக்கும், அதனால் வாங்கினார். சித்திரை வெயிலில் வயர்மேன் வந்து பொருத்தினார். காந்தத்துக்கும் குழலுக்கும் நடுவே நூலளவு இடைவெளி. கோடை முழுக்க ஒரு சத்தம் இல்லை.

ஐப்பசி மழை இறங்கியதும் ராத்திரி ராத்திரி அலறத் தொடங்கியது. முதல் நாள் தெருவே டார்ச்சோடு திரண்டது. அடுத்தடுத்து ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் எதிர்வீட்டு அண்ணாச்சி ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அலாரம் பழுதாவதில் பெரிய நஷ்டம் இதுதான்: நிஜமாகவே திருடன் வரும் அன்றைக்கும் யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

வயர்மேன் வந்தார். பேட்டரி போய்விட்டது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. கரண்ட் போனால் அதுதான் பெட்டியைத் தாங்கவேண்டும். நல்ல பேட்டரி சார்ஜ் ஏறியபின் 12.7 வோல்ட் அளவில் நிற்கும். சைரன் போட்டதும் மடமடவென்று இறங்கினால் அதன் ஆயுசு முடிந்தது. மூன்று நான்கு வருஷம் உழைக்கவேண்டியது, பூட்டிய வீட்டின் வெக்கையில் முன்னாலேயே செத்துப்போகும். மாற்றினார். அலறல் நிற்கவில்லை. பழி பல்லிமேல் விழுந்தது. ஹாலில் ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார் உடம்புச் சூட்டைக் கண்டு வேலை செய்கிறது. அதன் முகப்பிலேயே பல்லி ஊர்ந்தால் ஏமாறும். சுவரின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும் அக்னி நட்சத்திர நாட்களில் எதிரில் நிற்கும் மனிதனையே அது கோட்டைவிடுவதும் உண்டு. அந்த சென்சாரைக் கழற்றி வைத்தார்கள். அப்புறமும் அலறியது. பெட்டியையே மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது.

கதவு தேய்க்கிறது என்று இழைக்க வந்த ஆசாரிதான் கண்டுபிடித்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “பெட்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நிலை சாஞ்சிருக்கு” என்றார். பூட்டுப் பக்கத்து மேல்மூலையில், துண்டு ஒட்டியிருந்த இடத்தில்தான், கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைந்தது. நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கூரையை நோக்கிப் போயிருந்தது. மரக்கதவில் இந்தத் துண்டுகள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகல்வரை பொறுக்கும். இரும்புக் கதவில் அதில் பாதிதான். அந்த எல்லையில் வந்து நிற்கும் காந்தத்துக்குக் கள்ளன் வேண்டியதில்லை, காற்று கதவை அசைத்தாலே போதும்.

வீடு நிற்பது கரிசலில். கரிசல் மண்ணின் களிமம் ஊறப்போட்ட உளுந்து மாதிரி தண்ணீரைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழை வந்ததும் வீட்டின் ஓரத்து மண் முதலில் நனைந்து எழும்புகிறது. நடுவீட்டுக்கு அடியில் இருப்பது காய்ந்தே கிடக்கிறது. சுவர் ஒருபுறம் தூக்கப்படுகிறது, சதுரமாக நின்ற நிலை கோணுகிறது. மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் மழைக்குப் பின்னும் நிற்கவைப்பது இதே மண்ணின் ஈரப்பிடிப்புதான், அதனால் மண்ணைத் திட்டவும் முடியவில்லை.

எவ்வளவு உப்பும் என்று பார்க்க இந்தியத் தர நிர்ணயத்தில் 1977-லேயே எளிய சோதனை ஒன்று வந்துவிட்டது. பத்து கிராம் உலர்ந்த மண்ணைத் தண்ணீர்க் குழாயிலும், அதே அளவை மண்ணெண்ணெய்க் குழாயிலும் போட்டு ஒருநாள் விடவேண்டும். மண்ணெண்ணெயில் களிமம் உப்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கணக்கு. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பகுதி பருத்த கான்கிரீட் தூண்களை ஈரம் ஏறி இறங்கும் ஆழத்துக்குக் கீழே, மூன்று மூன்றரை மீட்டரில் ஊன்றும் முறையைச் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வானம் தோண்டிய கரிசலை அப்புறப்படுத்திச் சரள் நிரப்புவது நம் கொத்தனார்களுக்கும் தெரியும். செலவைப் பார்த்து வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்கிறார்.

சித்தப்பா வீட்டில் முடிந்தது சின்ன வேலை. கீல் பக்கத்தில் விலகல் குறைவு என்பதால் துண்டை அங்கே மாற்றி, அதிக இடைவெளி பொறுக்கும் ரகமாக வாங்கிப் போட்டார்கள். திருடன் கதவைக் கொஞ்சம் தள்ளித் திறந்தால் அது சற்றுத் தாமதமாகத்தான் உணரும். அது தெரிந்தே செய்தது. விரிசலைப் பூசினார்கள், ஆனால் பூச்சு நிற்காது. வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்காமல் சரிவாகச் சிமெண்டுத் தளம் போட்டது மட்டும்தான் உருப்படியான காரியம். கழற்றிய பழைய துண்டு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றையும் அன்றைக்கே பார்த்தார்கள். திருடன் வந்தால் செல்போனுக்கு அழைக்கவேண்டிய சிம், ரீசார்ஜ் தீர்ந்து எப்போதோ செத்திருந்தது. பழைய பெட்டிகள் 2ஜியில் மட்டும் பேசும். 2ஜி இல்லாத ஜியோ சிம்மைப் போட்டால் வாய் திறக்காது.

உங்கள் வீட்டு அலாரம் காரணமில்லாமல் கத்தினால் புதுப் பெட்டிக்குப் பணம் எடுக்குமுன் ஓர் அடிஸ்கேலை எடுங்கள். சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை, கதவுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.