சங்கு ஊதிய பிறகு

எங்கள் சித்தப்பாவின் நெற்றியில், வலப் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. அந்தக் காலத்துத் தோல் பந்துக்குள் ரப்பர் பிளாடரை வைத்துக் காற்றடித்து, வாயைத் தோல் நாடாவால் இழுத்துக் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் பந்து கல்லாய்க் கனக்கும். நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழிந்துவிடும். 1948இல் காலேஜ் அணிக்கு ஆடும்போது அவருக்கு அப்படிப் பட்ட காயம் அது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம்.

காலேஜ் என்றதும் பட்டப்படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் பெரிய பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெயர்தான். கலவை சுப்பராய செட்டியார் 1877இல் தொடங்கியதும், பின்னாளில் பாரதிதாசன் படித்ததுமான கலவைக் கல்லூரியும் பள்ளிதான். சித்தப்பா ஆடியது இன்னொரு சிறிய காலேஜுக்கு. பதினொரு பேர் ஆட்டக்காரர்கள், கூட ஒருவர் உபரி. பூட்ஸ் யாருக்கும் கிடையாது. கணுக்காலைச் சுற்றி மில் கழிவுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலில் இறங்குவார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் ஆட்டம் நடக்கும். ஐப்பசி மழை இறங்கினால் மைதானம் குளமாகிவிடும். அந்த ஆண்டு ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம் என்பார் சித்தப்பா. அதைச் சொல்லும்போதும் அவர் முகம் மலர்ந்தே இருக்கும்.

அந்த மலர்ச்சியின் காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அவருக்கு ஆட்டத்தைவிட ஆட்டம் நடந்த மாலைப்பொழுதுதான் பெரிது.

தாத்தா ரோடியர் மில் தறியில் இருந்தார். 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு மில்லை ஊர் அப்படித்தான் அழைக்கும். சித்தப்பா சிறுவனாக இருந்தபோது தாத்தா விடியுமுன் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்புவார். அப்பனின் முகத்தைப் பகலில் பார்த்தது விடுமுறை நாட்களில் மட்டும்தான் என்பார் சித்தப்பா. எட்டு மணி நேர வேலை வேண்டும், சங்கம் வைக்கும் உரிமை வேண்டும் என்று வ. சுப்பையாவின் தலைமையில் மில் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1936 ஜூன் மாதம் பாரிசில் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலைச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த மாதம், ஜூலை 30 அன்று, அதே பிரான்சின் கொடி பறந்த புதுச்சேரியில் தொழிலாளர்களைச் சுட்டார்கள். 12 பேர் இறந்தார்கள்.

1937 ஏப்ரலில் ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. அதன் பிறகுதான் முதலியார்பேட்டைக்குச் சாயங்காலம் என்று ஒன்று வந்தது. சங்கு ஊதியதும் பகல் ஷிப்ட்டுக்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார்கள். சித்தப்பா காலேஜுக்கு ஆடத் தொடங்கிய பிறகு, தலைமுடியில் பஞ்சுத் துகளோடு தாத்தா மைதானத்தோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மகன் ஆடுவதைப் பார்ப்பாராம். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாராம். ஆட்டம் முடிந்ததும் மகனின் கணுக்கால் கட்டை அவரே குனிந்து அவிழ்ப்பாராம்.

1948 ஜூலை 30, துப்பாக்கிச் சூட்டின் பன்னிரண்டாம் நினைவு நாள். மறுநாள் சனிக்கிழமை. லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தில் இறங்கியது. எதிரே நின்ற அணி பிரான்ஸ்! புதுச்சேரிப் பையன்களுக்கு இதைவிடச் சோதனை வேறு வேண்டுமா? இந்தியாவும் பிரான்சும் புதுச்சேரியின் தலைவிதியை மக்களே தீர்மானிக்கட்டும் என்று பேசி ஒப்புக்கொண்டதே அந்த ஜூன் மாதத்தில்தான்.

இந்திய அணியின் தலைவர் தாலிமெரன் ஆவ், நாகா மலையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அணியில் பெரும்பாலோர் எங்கள் சித்தப்பாவைப் போலவே வெறுங்கால்தான். முதலில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2–1 என்று வென்றது.

செய்தி பத்திரிகையில் வந்த அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்று சித்தப்பாவைக் கேட்டேன். "நாம எந்தப் பக்கம்னு யாரும் யாரையும் கேக்கலடா. ராமன் பேரைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தோம். வெறுங்கால்ல அடிச்ச ஆளுங்க இல்லியா!" என்றார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு மாட்டு வண்டியில் கடலூருக்குப் போனார்கள். அடுத்த வருஷம் அந்தப் பயணம் நடக்கவில்லை. 1949இல் இந்திய அரசு பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எல்லையில் சாவடிகள் முளைத்தன. அரிசிக்கும் துணிக்கும் சோதனை நடந்த சாலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை. சித்தப்பாவும் அதே ஆண்டு மில்லில் சேர்ந்தார். அவருடைய காலேஜ் ஆட்டம் ஒரே ஒரு பருவத்தோடு முடிந்தது.

பிறகு 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடையில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா மறுபடியும் பிரான்சை எதிர்கொண்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட, ஆட்டம் 1–1 என்று சமனில் முடிந்தது. அந்த அணியில் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தர்ராஜ் இருந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. செய்தியைப் படித்துக் காட்டினேன். இந்த முறை இந்தியர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். சித்தப்பா தழும்பைத் தடவியபடி, "தோக்கல, இல்ல?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நான் டிரில் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டது. சங்கு இனி ஊதாது. இன்றும் சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து ஆடச் சொல்லித் தருகிறேன். அவர்களின் அப்பாக்களில் பலர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். மைதானத்தோரம் உட்கார யாரும் வருவதில்லை. எட்டு மணி நேரம் என்பது மெல்ல மெல்லக் கைநழுவுவதை நான் என் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் அணி பிரிப்பதற்கு முன் பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பேன். ஓர் அணியும் ஓர் உபரியும் சேர்ந்த கணக்கு அது. மற்றவர்களை எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்ததும், "இத்தனை பேர்டா" என்பேன். பிறகு விசில் ஊதுவேன். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.