ஒரு துளி எச்சில்

கொஞ்சம் பின்னால் போகலாம். 1700-ஐ ஒட்டிய வருடங்கள். மதுரைச் சீமையில் ஏதோ ஒரு கிராமம். நீங்கள் அந்த ஊரில் நாலு பேர் மதிக்கிற பெரிய மனிதர். கிறிஸ்தவராவது என்று முடிவெடுத்து, செபங்களை மனப்பாடம் செய்து, உபதேசியார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒருவழியாக ஞானஸ்நானத்துக்குத் தயாராகி நிற்கிறீர்கள். எதிரே காவி கட்டிய ஐரோப்பியப் பாதிரியார். அவர் தன் கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்த எச்சில் விரலை உங்கள் காதிலும் மூக்கிலும் வைத்தால் என்ன செய்வீர்கள்?

எழுந்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள். முதல் வேலையாகத் தலைக்குக் குளிப்பீர்கள்.

ஆனால், ரோமின் சடங்குப் புத்தகம் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தது. காது கேளாத ஒருவனை இயேசு தன் உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கினார் என்று மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வருகிறது. அதன் ஞாபகார்த்தம். வேதம் கேட்கக் காது திறக்கட்டும் என்று அர்த்தம். ஐரோப்பாவில் அது அர்த்தம். இங்கே அது எச்சில். அவ்வளவுதான். எனவே மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைப் பாதிரியார்கள் சத்தமில்லாமல் அந்தச் சடங்கை விட்டுவிட்டார்கள். முகத்தில் ஊதுகிற சடங்கையும் சேர்த்துத்தான்.

விடலாமா? அங்கேதான் பிரச்னை.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஏழு அருட்சாதனங்கள் உண்டு. பழைய தமிழில் தேவதிரவிய அனுமானங்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பாவசங்கீர்த்தனம், அவஸ்தைபூசுதல், குருத்துவம், மெய்விவாகம். கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளம், அதன் வழியே கண்ணுக்குத் தெரியாத ஓர் அருள். இதுதான் சித்தாந்தம். ஞானஸ்நானத்துக்கு அந்த அடையாளம் தண்ணீரும், 'பிதா, சுதன், பரிசுத்த ஆவி' என்கிற வார்த்தையும்தான். சாகக்கிடக்கிற குழந்தைக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் இந்த இரண்டை வைத்து ஞானஸ்நானம் கொடுக்கலாம், செல்லும். காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் புரிகிறது: தண்ணீரும் வார்த்தையும் முதல். உப்பு, எண்ணெய், எச்சிலெல்லாம் மேல்செலவு. மேல்செலவைக் குறைத்தால் முதலுக்கு மோசமில்லை என்பது மதுரைப் பாதிரியார்களின் கட்சி.

ஆட்கள் சேர்ந்தால் போதும் என்று எல்லாவற்றையும் தளர்த்தியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்பில் கறாரோ கறார். தடியத்தேவன் என்கிற மறவர் இளவரசன் ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது, முதல் மனைவியைத் தவிர மற்ற மனைவிகளை விலக்கினால்தான் ஆச்சு என்றார் ஜான் டி பிரிட்டோ. அவனும் விலக்கினான். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். விளைவு, 1693 பிப்ரவரியில் ஓரியூரில் பிரிட்டோவின் தலை துண்டிக்கப்பட்டது. ஒரு ஞானஸ்நானத்துக்கான தகுதியை விட்டுக்கொடுக்காததற்குக் கொடுத்த விலை அது.

எச்சில் விவகாரத்தை ரோமுக்குக் கொண்டுபோனவர்கள் புதுச்சேரியின் கப்புச்சின் சபைப் பாதிரியார்கள். அவர்களுக்கும் சேசு சபைக்கும் ஏற்கெனவே ஆகாது. சீனாவுக்குப் போகிற வழியில் 1703 நவம்பரில் போப்பின் தூதர் மயார் தெ தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். எட்டு மாதம் தங்கினார். அதில் கணிசமான காலம் உடம்பு சரியில்லாமல் படுக்கை. மதுரைப் பக்கம் ஓர் எட்டுப் போய்ப் பார்க்கவில்லை. ஆனால், 1704-ல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஓர் ஆணையை வெளியிட்டுவிட்டுத்தான் கப்பலேறினார்.

எச்சிலை விடக்கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. நெற்றியில் விபூதி கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது. (இந்த ஒன்றுக்காகவே தூர்னோனுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.) இப்படிக் கூடாதுகளாகவே போகிற பட்டியலில், ஒரே ஒரு இடத்தில் 'போ' என்று வருகிறது. சேரியில் ஒருவர் சாகக்கிடந்தால், அவரைக் கோயிலுக்குத் தூக்கி வரட்டும் என்று காத்திருக்காதே. நீ அவர் வீட்டுக்குப் போ. அங்கேயே அவஸ்தைபூசுதல் கொடு.

ஏன் இப்படி ஓர் உத்தரவு போடவேண்டி வந்தது? அதுவரை போகவில்லை, அதனால்தான்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி, சந்நியாசிக் கோலத்தில் வாழ்ந்து உயர்சாதியாரிடம் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனார். அவர் சேரிக்குப் போக முடியாது. போனால் மற்றவர்கள் வாசல்படி ஏற்றமாட்டார்கள். இதற்காகவே பிற்பாடு 'பண்டாரசாமிகள்' என்று இன்னொரு பிரிவு வந்தது. அவர்கள் எல்லாச் சாதியாரிடமும் பழகலாம். ஆனாலும் குடிசைக்குள் நுழைவது என்று வரும்போது அவர்களுக்கும் கால் வாசலோடு நின்றுவிடும். எனவே, சாகக்கிடப்பவரை வெளியே தூக்கி வரவேண்டும்.

மிஷனரிகளின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். ஒருமுறை உள்ளே போனால், மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் மொத்தமாகக் கழன்றுகொள்வார்கள். நூறு வருட உழைப்பு நாசம். பயம் நிஜமானதுதான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால், ஜுரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பவர்கள் இந்த வாதத்தை என்னவென்று புரிந்துகொண்டிருப்பார்கள்? எச்சில் மேல்செலவு, சரி. சாகிறவன் பக்கத்தில் போய் உட்காருவதும் மேல்செலவா? அந்த அருட்சாதனத்துக்கு வேறு என்னதான் அர்த்தம்?

சேசு சபையினர் ரோமுக்கு ஆள் அனுப்பினார்கள். மேல்முறையீடு, விளக்கம், மறுவிளக்கம். போப்புகள் மாறினார்கள். தூர்னோன் சீனாவில் பேரரசரைப் பகைத்துக்கொண்டு, 1710-ல் மக்காவில் காவலில் இறந்தே போனார். இங்கே வழக்கு மட்டும் சாகவில்லை. நாற்பது வருடம் இழுத்து, 1744 செப்டம்பரில்தான் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு சொன்னார்.

எச்சிலுக்குப் பத்து வருடம் விலக்கு. குடிசைக்குப் போகிற விஷயத்துக்கு? சேசு சபையே ஒரு யோசனை சொன்னது. சேரி மக்களுக்கென்றே தனியாகச் சில பாதிரியார்களை ஒதுக்கிவிடுகிறோம். அவர்கள் வீட்டுக்குள் போவார்கள். மற்றவர்கள் வழக்கம்போல. போப் இதை ஏற்றுக்கொண்டார். சிக்கல் தீர்ந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டிருக்கவேண்டும். இனி தூக்கி வர வேண்டியதில்லை, வாஸ்தவம். சாதிக்கொரு குரு என்றாகிவிட்டதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறு வருடம் 1745 அக்டோபரில் புதுச்சேரியில் நடந்த ஒரு சங்கதியை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தாழ்த்தப்பட்டவர்கள். மறுபக்கம் மற்ற சாதியாரும் வெள்ளைக்காரர்களும். பூசை ஒன்றுதான், நற்கருணை ஒன்றுதான், நடுவில் சுவர். அந்தச் சமயம் காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருந்தார். அவர் கொடுத்த தைரியமோ என்னவோ, சேரி மக்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் தனி இடம் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார்கள்.

பாதிரியாரிடம் பதில் இல்லை. சுவரை இடித்துவிடச் சொன்னார்.

மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போய்க் கோயிலில் வாக்குவாதம் செய்தார்கள். பாதிரியார் கவர்னர் டூப்ளேயிடம் புகார் கொண்டுபோனார். கிறிஸ்தவர்கள் கூடிக்கூடி நின்று பேசுவதைப் பார்த்தால் பிடித்துப் போடும்படி டூப்ளே ஆள் அனுப்பினார். கொஞ்ச நாள் ஊர் அடக்கிவாசித்தது.