ஏரியடிச் சேறும் மாயர் வரலாறும்

மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த மாயர் தம் மன்னர் செயல்களைக் கல்லிற் பொறித்தபொழுது அவை நிகழ்ந்த நாளையும் உடன் பொறித்தனர். இன்ன நாளில் இன்னான் முடி புனைந்தான், இன்ன நாளில் இன்ன நகரை வென்றான் என நாட்கணக்கு வழுவாது எழுதிவைத்த மக்கள் பண்டை உலகில் மிகச் சிலரே. அத்தகையோரின் கல்வெட்டுக்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் நகர் நகராக ஓய்ந்துபோகின்றன. கொப்பான் நகரில் 822ஆம் ஆண்டுடன் எழுத்து நின்றுவிடுகின்றது; திக்காலில் 869; தொனினாவில் 909. கொப்பானின் இறுதிக் கல்லில் ஒரு பக்கமே முற்றுப்பெற்றுள்ளது. சிற்பி உளியை ஏன் கீழே வைத்தான் என்பதை அக்கல் கூறவில்லை.

சாசனம் வாய்மூடும் இடத்தில் வரலாற்று மாணவன் வேறு சான்று தேடவேண்டியவனாகின்றான். மாயர் நாட்டில் அச்சான்று கிடைத்த இடம் ஏரிகளின் அடித்தளம்.

கோடையில் வற்றிய குளத்தின் வெடித்த சேற்றுப் பாளத்தைப் புரட்டிப் பார்த்தோர் அது படைபடையாக அமைந்திருத்தலைக் கண்டிருப்பர். நம் குளங்கள் வற்றுவன, மாடுகளால் உழக்கப்படுவன, தூர் அகற்றப்படுவன. ஆதலின் அவற்றின் பழைய படைகள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. வற்றாத ஆழமான ஏரியின் நிலை வேறு. கரையிலிருந்து அடித்துவரப்படும் மண்ணும், காற்றிற் பறந்து வரும் மகரந்தமும், காடெரித்த கரித்துகளும், நீரில் வாழ்ந்திறந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இவ்வடையலைத் தோணியிலிருந்து நீண்ட குழாயைச் செங்குத்தாக இறக்கிக் கலையாமல் வெளியே எடுக்கலாம்.

மெக்சிக்கோவின் யுக்கட்டான் குடாநாட்டிலுள்ள சிச்சன்கனாப் ஏரியில் இவ்வாறு எடுத்த அடையலைப் பற்றிப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹொடெல், கேட்டிஸ், பிரெனர் ஆகிய மூவரும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாய மொழியிற் ‘சிறு கடல்’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட இவ்வேரியின் நீர் உவர்ப்பானது. அதனின்று வெளியேறும் ஆறு எதுவுமில்லை. வரும் நீர் மழையாலும் நிலத்தடி ஊற்றாலும் வருவது. போகும் நீர் பெரும்பாலும் ஆவியாய்ப் போவது. மழை குன்றி நீர் சுருங்குங் காலத்தில், கரைந்திருந்த சிப்சம் உப்பு வெண்படையாக அடியிற் படியும். மழை மிக்க காலத்தில் அது படிவதில்லை. மேலும், நீர் ஆவியாகும்பொழுது எடை குறைந்த ஒட்சிசன் 16 முந்தி வெளியேற, எடை கூடிய ஒட்சிசன் 18 எஞ்சிய நீரில் விகிதத்தாற் பெருகும். அந்நீரில் வாழும் நத்தைகள் தம் ஓட்டில் அவ்விகிதத்தைப் பதித்துக்கொள்கின்றன. சிப்சமும் நத்தையோடும் ஒருங்கே காட்டிய முடிவு இது: ஏறத்தாழக் கி.பி. 800 முதல் 1000 வரையான காலம் அவ்வட்டாரத்திற் பல ஆயிரம் ஆண்டுகளில் மிக வறண்ட காலம்.

இதனினும் வியப்புக்குரியது 2018இல் வெளியான ஆய்வு. சிப்சப் பளிங்கு உருவாகும்பொழுது நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏரிநீர் இங்ஙனம் பளிங்கினுள்ளே காக்கப்பட்டுள்ளது. அந்நீரைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தோர், வறட்சிக் காலத்தில் ஆண்டு மழை இன்றைய அளவினும் நூற்றுக்கு 41 முதல் 54 வரை குறைந்திருந்ததென்றும், கொடுமை உச்சமடைந்த வேளைகளில் 70 வரை குறைந்திருக்கலாமென்றும் கணித்தனர்.

இவற்றைக் கேட்ட அளவில் “மாயரை அழித்தது வறட்சியே” என எழுதிவிட மாணவர் விரைவர். நூலாசிரியர் சிலரும் அவ்வாறே விரைந்துள்ளனர். யான் அதற்கு உடன்படேன். கல்வெட்டு நாளைக் காட்டுகின்றது. சேறு பதிற்றாண்டுகளையே காட்டவல்லது. அடையலின் வயதைக் காபன் 14 முறையாற் கணிக்கின்றனர். மாயர் நாடோ சுண்ணாம்புக்கல் நாடு. நீரிற் கரைந்த பழைய சுண்ணாம்பின் காபனைக் கொண்டு ஓடு கட்டிய நத்தை, தன் உண்மை வயதினும் மிக முதியதாகத் தோன்றும். இதனாலேயே நிலத்திலிருந்து வந்து வீழ்ந்த விதையையும் மரத்துண்டையும் தேடிப்பிடித்துக் காலங் கணிக்கின்றனர். அவ்வாறு கணித்தும் சில பதிற்றாண்டு முன்பின்னாதல் தவிர்க்கவியலாதது. திக்காலின் கடைசிக் கல் வறட்சியின் தொடக்கத்தில் நட்டதா, நடுவில் நட்டதா என்பதில் வரலாற்றின் பொருளே மாறிவிடுமன்றோ?

வேறு தடைகளும் உள. தொஸ் பிலாஸ் என்னும் நகர் 761ஆம் ஆண்டிலேயே போரில் வீழ்ந்தது. அதன் மக்கள் கோயிற் கற்களைப் பெயர்த்து அவசர மதில் எழுப்பிய தடயம் இன்றும் காணப்படுகின்றது. வானம் பொய்க்குமுன்னரே அங்கு மன்னர் ஒருவரையொருவர் அழிக்கத் தொடங்கிவிட்டனர். மறுபுறத்தில், தெற்கினும் மழை குறைந்த வடபுலத்தில் சிச்சன் இட்சா நகர் இவ்வறண்ட நூற்றாண்டுகளிலேதான் ஓங்கியது. வடக்கே நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு அண்மையிலுள்ளது. பாறை இடிந்த பெருங்கிணறுகளில் அதை எட்டலாம். திக்கால் போன்ற தென்னக நகர்களில் அது மிக ஆழத்தில் இருந்தமையால், மக்கள் மழைநீரைத் தேக்கிய குளங்களையே நம்பி வாழ்ந்தனர். ஒரே வானத்தின்கீழ் இரு நகர்க்கு இரு விதி நேர்ந்தமைக்கு இஃது ஒரு காரணமாகலாம்.

குவாத்தமாலாவின் பெட்டேன் பகுதி ஏரிகள் வேறொரு செய்தி கூறுகின்றன. அங்கே கரிய சேற்றுப் படைகளினிடையே தடித்த களிமண் படையொன்று கிடக்கின்றது. ஆய்வாளர் இதனை ‘மாயர் களிமண்’ என்றே அழைப்பர். காட்டு மரங்களின் மகரந்தம் குறைந்து புல்லும் சோளமும் மிகுகின்ற காலத்தது இது. காடழித்த சரிவிலிருந்து மண் கரைந்து ஏரியை நிரப்பியதன் அடையாளம். மக்கள்தொகை பெருகிய காலத்திலேதான் மண்ணரிப்பும் உச்சமடைந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். சல்பெட்டேன் ஏரியின் அடையலோ அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. மண் மிக விரைவாய் அரித்தது கி.மு. 700க்கும் கி.பி. 250க்கும் இடையில், குடிகள் இன்னும் குறைவாயிருந்த காலத்தில். முதன்முதல் காட்டை வெட்டிய சிறு தொகையினரே பெருந்தீங்கு விளைத்தனர். பின்வந்த பெருந்தொகையினர் எஞ்சிய மண்ணைக்கொண்டு சில நூற்றாண்டுகள் மாநகர் வாழ்வு வாழ்ந்தனர். பேரரசுகளின் வீழ்ச்சிக்கு மண்ணரிப்பே காரணம் என்போர் இக்கால இடைவெளிக்கு விடை கூறவேண்டியவராவர்.

மாயர் ‘மறைந்தனர்’ என்ற பேச்சும் பிழை. மறைந்தவை தென்னகத்து அரசவைகளும் அவற்றின் கல்வெட்டு மரபுமே. மாய மொழிகள் பேசும் பல இலட்சம் மக்கள் இன்றும் குவாத்தமாலாவிலும் யுக்கட்டானிலும் சோளம் விதைத்து வாழ்கின்றனர்.

நகர்கள் வெறிச்சோடிய பின் நிகழ்ந்ததையும் ஏரி பதிந்து வைத்துள்ளது. பெட்டேன் இட்சா ஏரியின் அடையலிற் சோள மகரந்தம் அருக, காட்டு மரங்களின் மகரந்தம் மீண்டும் பெருகுகின்றது. காடு மீள எடுத்த காலம் 80 முதல் 260 ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். 1848இல் அப்பகுதி ஆளுநர் மொடெஸ்ட்டோ மெண்டெஸ் திக்காலின் கோபுரங்களைக் காணச் சென்றபொழுது அவற்றைச் சூழ்ந்து நின்றது, மாயரின் பழைய சோளக் கொல்லைகளின்மேல் இவ்வாறு எழுந்த காடே.