பழைய ஜப்பான் பைக்கில் இருப்பது எந்த கார்புரேட்டர்? கண்டுபிடிப்பது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100, கவாஸாகி இஸட் 1, ஹோண்டா சிபி 750 போன்ற பழைய ஜப்பான் பைக்குகளுக்கு கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கப் போனால், கடையில் கேட்கும் முதல் கேள்வி 'எந்த வண்டி?' என்பதுதான். அது மட்டும் போதாது. 30, 40 வருடம் ஓடிய வண்டியில் யாராவது எப்போதோ கார்புரேட்டரை மாற்றியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் அது இருக்காது. கார்புரேட்டரின் உடம்பில்தான் இருக்கும்.

தப்பான கிட் போட்டால் என்ன ஆகும்?

ஜெட்டின் துளை சிறிதாக இருந்தால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சூடு ஏறி பிஸ்டன் சீஸ் ஆகலாம். ஃப்ளோட் நீடில் சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் வழியும். சூடான இன்ஜின் பக்கத்தில் அது தீ ஆபத்து.

முதலில் கம்பெனி பெயர்

பழைய ஜப்பான் பைக்குகளில் அதிகம் இருப்பது மிகுனி, கெய்ஹின் என்ற இரண்டு கம்பெனிகளின் கார்புரேட்டர்கள். ஹோண்டாவில் பெரும்பாலும் கெய்ஹின். யமஹா, சுஸுகியில் பெரும்பாலும் மிகுனி. கவாஸாகியில் இரண்டும் உண்டு. யமஹாவின் சில மாடல்களில் ஹிட்டாச்சி, டெய்கெய் கார்புரேட்டர்களும் வந்தன.

நம்மூர் வண்டிகளில் 'யுகால்' என்று இருந்தால் உடனே போலி என்று நினைக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அந்த நிறுவனம் மிகுனியின் தொழில்நுட்பத்தில் கார்புரேட்டர் தயாரித்தது.

அடுத்து, எந்த வகை?

இன்ஜினை ஆஃப் செய்து, ஏர் ஃபில்டர் பக்கத்து குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது உள்ளே உள்ள ஸ்லைடு நேராக மேலே ஏறினால், அது கேபிள் இழுக்கும் ஸ்லைடு வகை. ஆர்எக்ஸ் 100-ல் இருப்பது இதுதான்.

முறுக்கினாலும் ஸ்லைடு அசையவில்லை, இன்ஜின் பக்கம் வட்டத் தகடு மட்டும் திரும்புகிறது என்றால் அது சிவி வகை. இதில் ஓடும் இன்ஜினின் உறிஞ்சு விசைதான் ஸ்லைடைத் தூக்கும். மேலே அகலமான மூடி, பலவற்றில் அதற்குள் ரப்பர் டயாஃப்ரம் இருக்கும்.

எண்ணை எப்படிப் படிப்பது?

மிகுனியில் 'விஎம்' என்றால் ஸ்லைடு வகை, 'பிஎஸ்' என்றால் சிவி வகை. பக்கத்தில் உள்ள எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில். விஎம் 28 என்றால் 28 மி.மீ. 1972-ல் வந்த கவாஸாகி இஸட் 1-ல் இந்த விஎம் 28 நான்கு இருந்தன.

வண்டி பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்புரேட்டர் மாறும். யமஹா எக்ஸ்எஸ் 650-ல் 1979 வரை பிஎஸ் 38, 1980 முதல் பிஎஸ் 34. ஹோண்டா சிபி 750-ல் வருடத்தைப் பொறுத்து 657ஏ, 657பி, 086ஏ என்று குத்தப்பட்ட எண்கள் மாறின. சுஸுகியின் சர்வீஸ் மேனுவலில் கார்புரேட்டருக்கு என்று தனியாக ஐ.டி. நம்பரே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அச்சில் வார்க்கும்போதே புடைப்பாக வந்த எண் வேறு, பிறகு உள்ளே பதியும்படி குத்திய எண் வேறு. கிட் வாங்க உதவுவது குத்திய எண்தான்.

கடைக்குப் போகும் முன்

• இன்ஜின் ஆறிய பிறகு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

• பழைய டூத் பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, செல்போன் டார்ச்சை பக்கவாட்டில் அடித்து எண்ணைப் போட்டோ எடுங்கள்.

• ஒன்றுக்கு மேல் கார்புரேட்டர் இருந்தால் எல்லாவற்றின் எண்ணையும் பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது மாற்றப்பட்டது.

• ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் தரமான ஜே.ஐ.எஸ். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் போட்டால் தலை தேய்ந்துவிடும்.

• பழைய ஜெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள். மிகுனியும் கெய்ஹினும் ஜெட்டுக்கு எண் போடும் முறை ஒன்றல்ல. இரண்டிலும் '100' என்று இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று செட் ஆகாது.