நிலாவெளிக் கடலின் நாட்காட்டி

ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகள் சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, வாற கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடை அலாஸ்காவுக்குக் கப்பலிலை போகப் போறம்" என்றாள். அலாஸ்காவின் பனியாறுகளைக் காட்டும் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரையே ஓடுகின்றன. குளேசியர் பே தேசியப் பூங்காவின் குடாவினுள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கே அனுமதி. ஆகவே முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று விளக்கினாள்.

அந்த மாதங்களைக் கேட்டதும் எனக்கு நிலாவெளி நினைவுக்கு வந்தது. அவளுடைய தாய் பிறந்த ஊர். திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அங்கும் கடற்பயணத்துக்கு உகந்தவை ஏறத்தாழ இதே மாதங்களே. அலாஸ்காவில் காலத்தை வகுப்பது பனி, நிலாவெளியில் காற்று.

சோழகக் காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரை மீனவர் பலர் அப்போது கிழக்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். ஐப்பசியில் மாரி தொடங்கி வாடைக்காற்று எழுந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். நிலாவெளிப் படகுகள் கரையேறிவிடும்.

இந்தக் காற்றுக் கணக்குத்தான் திருகோணமலையின் வரலாற்றையே எழுதியது எனலாம். பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் இருக்கவில்லை. சென்னையிலும் அக்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. வாடைக்காற்றுப் புயல்களுக்கு அஞ்சிய ஆங்கிலக் கடற்படை, பழுதுபார்ப்பதற்கும் ஒதுங்குவதற்கும் மறுகரையிலிருந்த பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. வங்கக் கடலின் மேற்குப் புறத்தில் எக்காற்றுக்கும் அஞ்சாமல் நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலையே.

அதனாலேயே 1782 ஆம் ஆண்டில் மட்டும் அது இருமுறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரான் அவர்களிடமிருந்து பறித்தார். மீட்க விரைந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் 3 ஆம் திகதி நடந்த கடற்சமர் முடிவின்றி ஓய்ந்தது. துறைமுகத்தை இழந்த ஹியூஸ், அந்த மாரிக்குப் பம்பாயை நாடிப் போக நேர்ந்தது. 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றிய திருகோணமலையில், 1957 வரை அவர்களது கடற்படைத் தளம் நிலைத்தது. 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பலை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் காணலாம்.

வல்லரசுகள் துறைமுகத்தைப் பார்த்தன. கரையில் வாழ்ந்தவர்களைப் பார்த்தது குறைவு. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை ஆங்கிலேயர் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினர். 1963 இல் சரணாலயமாகிய அத்தீவு, 2003 இல் தேசியப் பூங்காவானது. அடுத்த ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தக் கரையையே துடைத்தெறிந்தது. அதற்கு முன்னும் பின்னும் 2009 வரை போர். காற்று அனுமதித்த மாதங்களிலும் கடலுக்குப் போக முடியாத ஆண்டுகள் அம்மக்களுக்கு இருந்தன. என் தமக்கை புலம்பெயர்ந்ததும் அந்தக் காலத்திலேதான்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பற்சேவை தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் பயணத் திட்டத்தில் இடம்பெற்றன. மகிழத்தக்க செய்தி. ஆயினும் சில மணி நேரம் கரையிறங்கும் பயணி கோணேசர் கோயிலையும் கோட்டையையும் கண்டு திரும்பலாம். வாடிகளுக்குள் போக அவருக்கு நேரமிராது.

குளேசியர் பேயில் 1794 இல் குடாவின் வாயிலருகே நின்ற பனி, 1916 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல்கள் செல்லும் நீர்வழி, அன்று பனி கிடந்த இடம். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் மருமகளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அதற்கடுத்த கோடையில் நிலாவெளிக்கு வர வேண்டும். பெரிய கப்பல் தேவையில்லை. புறாத்தீவுக்கு ஒரு சிறு படகு போதும். திகதியை மட்டும் தானே முடிவு செய்யாமல், கரையிலுள்ள படகோட்டி ஒருவரிடம் காற்றைப் பற்றி முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

சற்று நேரம் மௌனமாக இருந்தவள், "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ, மாமா?" என்று கேட்டாள்.