முள் ராஜ நண்டு: எட்டுக் கால் நண்டு

செனாய் சந்தையில் வாங்கிய நண்டைப் பிரட்டலுக்கு வெட்டும் முன் கால்களை எண்ணிப் பாருங்கள். கொடுக்கோடு சேர்த்துப் பத்து இருக்கும். பேரங்காடி ஃபிரீசரில் கால் காலாக விற்கும் 'கிங் கிராப்' முழுசாகக் கிடைத்தால் எட்டுதான் தெரியும். மீதி இரண்டும் மிகச் சிறியவை. ஓட்டுக்குள் மடங்கியிருந்து செவுளைத் துப்புரவு செய்கின்றன.

உண்மையில் இது நண்டே அல்ல. காலிச் சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டின் வழிவந்தது. பெண்ணின் வயிற்று மடல் இன்றும் ஒரு பக்கம் கோணியிருப்பது அந்தச் சங்கு வாழ்க்கையின் மிச்சம்.

குளிர்நீர்தான் இதற்கு ஒத்துவரும். வெப்பக் கடலில் பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். ஜொகூரைச் சுற்றிய கடல் நூறு மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆகவே 'நம்ம கடலில் பிடித்தது' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

நம் பாட்டன்மார் கப்பலேறிய நாட்டுப் பக்கம் இந்தக் குடும்பம் உண்டு. திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் 'இன்வெஸ்டிகேட்டர்' ஆய்வுக் கப்பல் எடுத்த ஓர் இனத்துக்கு, அல்காக்கும் ஆண்டர்சனும் 1899இல் கப்பலின் பெயரையே சூட்டினர்: பாராலோமிஸ் இன்வெஸ்டிகேட்டோரிஸ்.

தட்டுக்கு வருவது பெரும்பாலும் வடகடல் இனம். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் பெண் நண்டுகள் அருகிப்போனதால் 2021, 2022 பருவங்களில் பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள்.